ஃபால்ஸ் சீலிங்கில் தண்ணீர்: இதை இங்கிலிஷில் எப்படித்தான் எழுதுவது?

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கட்டடத்தில் ஃபெசிலிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கே குழாய் ஒழுகினாலும், எந்த லைட் எரியாவிட்டாலும் ஆப்பில் டிக்கெட், அதாவது புகார்க் குறிப்பு, போட வேண்டும். அதுவும் இங்கிலிஷில்தான். வேலை செய்ய வருகிறவர் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டுத்தான் ஏணியா, ஸ்பானரா, பெயின்ட் டப்பாவா என்று முடிவு செய்து எடுத்து வருவார்.

போன வாரம் நாலாவது மாடியில் பேன்ட்ரிக்குப் பக்கத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் (நிஜக் கூரைக்குக் கீழே தொங்கவிட்ட டைல் கூரை) தண்ணீர். பகல் ஷிஃப்ட் ஆள் போட்டிருந்த டிக்கெட்: “வாட்டர் ஆன் தி சீலிங் நியர்பை பேன்ட்ரி”. வந்தவர் பெயின்டர். டைலைத் துடைத்தார், கறை மேல் ஒரு கோட் அடித்தார், போய்விட்டார். உண்மையில் டைலுக்கு மேலே ஏசி தண்ணீர் வெளியேறுகிற டிரெய்ன் பைப் கழன்று கிடந்தது. ராத்திரி டைல் ஊறி, பொத்தென்று கீழே விழுந்தது. நல்லவேளை, யாரும் இல்லை.

என் கேள்வி இதுதான். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே “இல்”. சுவரில், தரையில், டப்பாவில், வாசலில், மூலையில். இங்கிலிஷில் அதற்கே இன், ஆன், அட் என்று மூன்று. “மேலே” என்றால் ஆன், ஓவர், அபவ். “கீழே” என்றால் அண்டர், பிலோ. பள்ளியில் படித்த “இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே” என்ற கணக்கு சீலிங் வந்ததும் உதைக்கிறது. எதை எங்கே போடுவது என்று தெளிவாகச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

சும்மா_படிப்பவன்

போட்டோ எடுத்துப் போட்டால் முடிந்தது கதை. இதற்கு எதற்கு இலக்கணம்?

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

போட்டோவும் போடுகிறோம் நண்பரே. சீலிங் முழுக்க இரண்டுக்கு இரண்டு அடி வெள்ளை டைல். எந்த மாடியில் எடுத்தாலும் ஒரே படம்தான் வரும். ஈரத்தைப் போட்டோ காட்டும். அது எங்கே இருக்கிறது, டைலுக்கு எந்தப் பக்கம் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

டீச்சரம்மா_தஞ்சை

தம்பி, “உள்ளே, மேலே” என்று எழுதி வைத்திருக்கிற அர்த்தத்தை முதலில் அழித்துவிடுங்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆன் என்று சொல்லும்போது இங்கிலிஷ்காரர் உயரத்தைப் பார்ப்பதில்லை, ஒட்டியிருப்பதைப் பார்க்கிறார். ஒரு பரப்பு இருக்கிறது, ஒரு பொருள் அதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, பரப்புதான் அதைத் தாங்குகிறது. அது போதும். பரப்பு படுத்திருக்கிறதா, நிற்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. மேஜையில் டம்ளர், ஆன். சுவரில் காலண்டர், ஆன். சீலிங்கில் பல்லி, அதுவும் ஆன். பல்லி சீலிங்குக்குக் கீழேதானே இருக்கிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். கீழே இருந்தால் என்ன, ஒட்டிக்கொண்டிருக்கிறதே! விரலில் மோதிரம், காலில் செருப்பு, சட்டையில் கறை, கதவில் கைப்பிடி என எல்லாம் இதே கணக்கு.

இன் என்றால் அடங்கியிருப்பது. நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும் என்று இல்லை. டம்ளரில் டீ, கையில் குடை, வயலில் மாடு, வரிசையில் நிற்கிற ஆள், கண்ணாடியில் தெரிகிற முகம். சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓட்டை என்றால் இன் தி வால். சுவரில் அடித்த ஆணியும் இன் தி வால், ஏனென்றால் அது உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஆணியில் மாட்டிய படம் ஆன் தி வால். சுவர் ஒன்றுதான், தமிழில் மூன்றுக்கும் “சுவரில்” போதும். இங்கிலிஷில் மட்டும் சுவருக்கும் அந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று பார்த்துத்தான் வாயைத் திறக்க முடியும்.

அட் இரண்டிலும் சேராது. அது மேப்பில் குத்திய குண்டூசி மாதிரி. இடத்தின் நீளம், அகலம், உள், வெளி எதுவும் அங்கே பேச்சில் இல்லை. வாசலில் யாரோ நிற்கிறார், கவுன்டரில் கேளுங்கள், சிக்னலில் வண்டி நிற்கிறது, விழுப்புரத்தில் ரயில் நிற்கும் என்பதெல்லாம் அட். மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்கு அட் தி டேபிள் என்று எழுத வேண்டும். ஆன் தி டேபிள் என்று எழுதினால் மனிதர் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் டிக்கெட். “வாட்டர் ஆன் தி சீலிங்” என்றால் நாம் அண்ணாந்து பார்க்கிற பக்கத்தில், டைலின் முகத்தில் ஈரம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெயின்டர் வந்ததில் ஆச்சரியமே இல்லை. பைப் ஒழுகுவது டைலைத் தொடாமல், அதற்கு மேலே உள்ள இடைவெளியில். அதற்கு “லீக் அபவ் தி ஃபால்ஸ் சீலிங்” என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் பிளம்பர் வந்திருப்பார்.

நியர்பை பேன்ட்ரி என்பதும் சரியில்லை. நியர்பை என்றால் “பக்கத்திலேயே” என்று தனியாக நிற்கிற சொல். பேன்ட்ரியோடு சேர்க்க நியர் போதும்.

மொழிப்பித்தன்

டீச்சர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் “தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே இல்” என்று இழையின் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே, அதை ஒத்துக்கொள்ள முடியாது.

இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

“மேஜை மேல் லைட் இருக்கிறது.”
“மேஜைக்கு மேல் லைட் இருக்கிறது.”

முதல் லைட் மேஜையில் நிற்கிறது. இரண்டாவது லைட் உத்தரத்திலிருந்து தொங்குகிறது, மேஜையைத் தொடவில்லை. இந்த வித்தியாசத்தை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் மூன்று வயதுக் குழந்தை கூட மாற்றிச் சொல்லாது. வித்தியாசம் முழுவதும் அந்தச் சின்ன “க்கு”வில் இருக்கிறது. “க்கு” இல்லாவிட்டால் தொட்டுக்கொண்டு இருக்கிறது, அதாவது ஆன். “க்கு” வந்தால் இடைவெளி இருக்கிறது, அதாவது அபவ் அல்லது ஓவர். ஓஎம்ஆர் நண்பரே, உங்கள் பதிவையே பாருங்கள். “கறை மேல் ஒரு கோட் அடித்தார்” என்கிறீர்கள், “டைலுக்கு மேலே பைப்” என்கிறீர்கள். இரண்டையும் யோசிக்காமலே பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இங்கிலிஷில் எழுதும்போதுதான் இரண்டும் ஒரே “மேலே”யாகக் குழம்பிவிடுகிறது.

(இந்தியில் “கே ஊப்பர்” என்றால் ஒட்டியும் இருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். இந்த விஷயத்தில் நாம் ஒரு படி மேல்!)

இந்தத் துப்பு “மேல்”-க்கு மட்டும்தான் நன்றாக வேலை செய்யும். கீழே, பின்னால், எதிரே எல்லாம் பெரும்பாலும் “க்கு” கேட்கும். அங்கே இதை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. மதில் மேல் பூனை, மதிலில் போஸ்டர். பூனை மதிலின் உச்சியில், போஸ்டர் மதிலின் முகத்தில். நமக்கு இரண்டும் வேறு. இங்கிலிஷில் இரண்டும் ஆன் தி வால். குழப்பம் வரக்கூடாது என்றால் அவர்கள் பூனைக்கு “ஆன் டாப் ஆஃப்” என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக, யாரிடம் சொல் அதிகம் என்று எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு மொழியும் வேறு வேறு இடத்தில் கோடு போடுகிறது.

தமிழ்மட்டும்

அப்படியானால் டிக்கெட்டையே தமிழில் எழுதுங்களேன். “டைலுக்கு மேலே பைப் ஒழுகுகிறது.” ஒரு குழப்பமும் இல்லை.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

எழுதலாம், எனக்கும் ஆசைதான். எலக்ட்ரீஷியன் ஒடிசாக்காரர், ஏசி ஆள் பீகார், வெண்டர் ஆபீஸ் பெங்களூரில், கிளையன்ட் அமெரிக்காவில். எல்லாரும் பார்ப்பது ஒரே டிக்கெட்.

மொழிப்பித்தன் சார், அந்த “க்கு” விஷயம் பிரமாதம். இன்றைக்கு ஷிஃப்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த சந்தேகம். சர்வர் ரூமில் ரெய்ஸ்டு ஃப்ளோர். தரைப் பலகைக்கு அடியில் கேபிள் ஓடுகிறது. அதற்கு அண்டரா, பிலோவா? அபவ், ஓவர் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டீச்சரம்மா_தஞ்சை

அண்டர் என்றால் நேர் அடியில், பெரும்பாலும் மூடப்பட்டு அல்லது மறைந்து. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பாய்க்கு அடியில் சாவி, பாலத்துக்கு அடியில் தண்ணீர். உங்கள் கேபிளுக்கு அண்டர் தி ரெய்ஸ்டு ஃப்ளோர். பிலோ என்றால் மட்டத்தில் தாழ்வு, நேர் அடியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. “தி ஃப்ளோர் பிலோ” என்று எழுதினால் கீழ் மாடி என்று ஆகிவிடும், ஆள் லிஃப்ட் பிடித்துப் போய்விடுவார். ஜாக்கிரதை.

ஓவர், அபவ் ஜோடியும் இதே மாதிரிதான். அபவ் வெறும் மட்டம். தொட்டபெட்டா கடல் மட்டத்துக்கு மேல் 2,637 மீட்டர், அங்கே அபவ் மட்டும்தான் வரும். தொட்டபெட்டாவுக்கு நேர் அடியில் கடலா இருக்கிறது? குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே, அங்கே பிலோ. ஓவர் என்றால் நேர் மேலே, அல்லது மூடிக்கொண்டு, அல்லது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்காக. ஆற்றின் குறுக்கே பாலம், வாய் மேல் கை, வண்டி மேல் தார்ப்பாய். மேஜைக்கு நேர் மேலே தொங்குகிற லைட்டுக்கு ஓவர், அபவ் இரண்டும் பொருந்தும், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், நம் ஆட்கள் நிறையப் பேர் “இன் தி ஃபோர்த் ஃப்ளோர்” என்று எழுதுவார்கள். மாடிக்கு எப்போதும் ஆன்.

சிங்கை_ஜூரோங்

கிளையன்ட் அமெரிக்கா என்றதும் ஞாபகம் வந்தது. மாடி எண்ணையும் கவனியுங்கள் அண்ணா. பிரிட்டிஷ் வழக்கத்தில் கிரவுண்ட், அதற்கு மேலே ஃபர்ஸ்ட். அமெரிக்கர்களுக்குத் தரைத்தளமே ஃபர்ஸ்ட். உங்கள் நாலாவது மாடி அவர்களுக்கு ஐந்தாவது. ஆன் சரியாகப் போட்டும் ஆள் வேறு மாடியில் நிற்பார். லிஃப்டில் என்ன பட்டன் இருக்கிறதோ அதையே எழுதிவிடுவது நல்லது.

வண்டி_சர்வேயர்

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் படிவம் படித்துப் படித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த இழையை முன்பே யாராவது ஆரம்பித்திருக்கக் கூடாதா!

எங்கள் பக்கத்தில் பெரிய வில்லன் “இன் ஃப்ரன்ட் ஆஃப்”. “டேமேஜ் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி கார்” என்று எழுதுவார்கள். அவர்கள் சொல்ல வந்தது, காரின் முன்பகுதியில் அடி. எழுதியதோ, காருக்கு முன்னால், ரோட்டில் ஏதோ சேதம். “டேமேஜ் டு தி ஃப்ரன்ட் ஆஃப் தி கார்” என்று எழுதினால் பம்பர், பானெட் பக்கம் அடி என்று புரியும். “இன் தி ஃப்ரன்ட் ஆஃப் தி கார்” என்றால் உள்ளே, முன் சீட்டுப் பக்கம். நடுவில் ஒரு “தி” வந்தால் வண்டிக்கு உள்ளே, வராவிட்டால் வெளியே. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பின்னால் என்பதும் தகராறு. காருக்கு, லாரிக்கு, வீட்டுக்கு என்று சொந்தமாக ஒரு முகம் உண்டு. “பிஹைண்ட் தி லாரி” என்றால் நான் எங்கே நின்றாலும் லாரியின் டெயில் லைட் பக்கம்தான். மரத்துக்கு முகம் ஏது? “பைக் பிஹைண்ட் தி ட்ரீ” என்றால் பார்க்கிறவருக்கு மரம் மறைக்கிற பக்கம். எதிர்ப்பக்கத்தில் நின்ற சாட்சி அதே பைக்கை “மரத்துக்கு முன்னால்” என்பார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். அதனால் முகம் இல்லாத பொருளை வைத்து முன், பின் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. ரோட்டின் எந்த ஓரம், எந்த ஊர் போகிற பக்கம் என்று எழுதச் சொல்வேன்.

இடது, வலது விஷயத்தில் எங்களுக்கு ஒரே சட்டம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எது இடதோ அதுதான் இடது. காரை எதிரே நின்று பார்த்து “லெஃப்ட் ஹெட்லைட்” என்று எழுதினால் கிளெய்ம் இழுத்தடிக்கும்.

வார்டு_சிஸ்டர்

சர்வேயர் சார் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். ரைட், லெஃப்ட் எல்லாம் நோயாளியின் கணக்கு. எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும்போது அவருடைய வலது பக்கம் நமக்கு இடது பக்கமாகத்தான் இருக்கும்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிறவர்கள் ரிப்போர்ட் எழுதும்போது “பேஷன்ட் இன் பெட்” என்றால் படுத்து ஓய்வில் இருக்கிறார். “ஆன் தி பெட்” என்றால் கட்டில் மேல் இருக்கிறார், உட்கார்ந்தும் இருக்கலாம். “பை தி பெட்” என்றால் கட்டிலை ஒட்டி, பக்கத்தில். இங்கிலாந்தில் ஒருவர் அட்மிட் ஆகியிருந்தால் “இன் ஹாஸ்பிடல்” என்பார்கள், அமெரிக்காவில் நடுவில் “தி” சேர்ப்பார்கள்.

கேள்வி_மன்னன்

டீச்சர், இன் என்றால் அடங்கியிருப்பது என்றீர்கள். காருக்கு இன், சரி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும் ஏன் ஆன்? பஸ் கூரை மேலா போகிறோம்? (எங்கள் ஊர் திருவிழா சமயத்தில் அப்படியும் போவதுண்டு.)

டீச்சரம்மா_தஞ்சை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஏறி நின்று நடமாட முடிகிற வண்டிக்கு ஆன்: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து உள்ளே நுழைந்து உட்காருகிற வண்டிக்கு இன்: கார், ஆட்டோ, ஹெலிகாப்டர், சின்னப் பரிசல். கால் போட்டு உட்காருகிறதற்கு ஆன்: சைக்கிள், பைக், குதிரை. லாரியில் டிரைவர் இன், லாரியில் ஏற்றிய மூட்டை ஆன். இதைப் பாதி நியாயம், பாதி வழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் தேடினால் பைத்தியம் பிடிக்கும்.

மரமும் கேட்பீர்கள் என்று தெரியும். குருவி கிளைகளுக்கு நடுவே இருக்கிறது, அதனால் இன் தி ட்ரீ. மாங்காய் மரத்தோடு ஒட்டி வளர்ந்தது, அதனால் ஆன் தி ட்ரீ. குருவி ஒரு குறிப்பிட்ட கிளையில் உட்கார்ந்தால் மறுபடி ஆன் தி பிராஞ்ச்.

அண்ணாச்சி_கடை

எங்கள் கடை போர்டில் “பஸ் ஸ்டாண்ட் பேக்சைடு” என்று போட்டிருக்கிறோம். லண்டனில் வளர்ந்த என் அக்கா பேரன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்.

டீச்சரம்மா_தஞ்சை

அண்ணாச்சி, அங்கே பேக்சைடு என்றால் உட்காருகிற பாகம். பேரன் சொல்லத் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. பிஹைண்ட் தி பஸ் ஸ்டாண்ட் என்று மாற்றிவிடுங்கள். பக்கத்துப் போர்டுகளில் “ஆப்போசிட் டு” என்று இருந்தால் அந்த “டு”வும் தேவையில்லை.

வண்டி_சர்வேயர்

நான் மாற்ற வேண்டாம் என்பேன். போர்டு வாடிக்கையாளருக்கு. நம்மூரில் பேக்சைடு என்றால் ஆட்டோக்காரர் முதல் கூரியர் பையன் வரை நேராக வந்து நிற்பார்கள். லண்டன் பேரனா தினமும் சாமான் வாங்குகிறான்? ஆப்போசிட், பேக்சைடு எல்லாம் இந்திய முகவரியின் சொந்த இங்கிலிஷ். வெளிநாட்டுக்குக் கடிதம் போனால் மட்டும் பிஹைண்ட்.

ஆனால் ஆப்போசிட்டையும் இன் ஃப்ரன்ட் ஆஃபையும் குழப்பாதீர்கள். நடுவில் ரோடு இருந்து, முகத்துக்கு முகம் இருந்தால் ஆப்போசிட். பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே, ரோட்டைத் தாண்டாமல் கடை இருந்தால் இன் ஃப்ரன்ட் ஆஃப். கிளெய்மில் இது ரோட்டின் எந்தப் பக்கம் என்பதையே மாற்றிவிடும்.

டீச்சரம்மா_தஞ்சை

போர்டு விஷயத்தில் நாம் ஒத்துப்போக முடியாது சார். தேர்வுத்தாளில் எழுதினால் மார்க் போகும் என்பது என் கவலை.

மொழிப்பித்தன்

சர்வேயர் சொன்ன “எந்த ஊர் போகிற பக்கம்” என்ற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத ஆசை. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார். நகரத்துத் தமிழர்கள் ஒரு சின்னப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல இடது, வலது பயன்படுத்துகிறார்கள். கிராமத்துத் தமிழர்கள் வடக்கு, தெற்கு பயன்படுத்துகிறார்கள். ஒரே மொழி, இரண்டு வழி. இவரும் வேறு சிலரும் சேர்ந்து பல மொழிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1998இல் “லாங்குவேஜ்” ஆய்விதழில் வந்தது.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. பந்தியில் “கொஞ்சம் தெக்க தள்ளி உட்காரு” என்பார்கள். “வடக்கால இருக்கிற செம்பை எடு” என்று ஆச்சி அடுப்படியிலிருந்தே சொல்லும். திரும்பி நின்றாலும் வடக்கு வடக்குதான், சண்டையே வராது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பக்கம் கூகு யிமிதிர் மொழி பேசுகிறவர்களும் இப்படித்தான், கை கால் அளவிலான விஷயத்துக்குக் கூடத் திசைதான்.

அதே பீடர்சனும் மெலிசா பவர்மனும் சேர்ந்து, நெதர்லாந்தில் நைமேகன் ஊரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்துக்காக 71 கோட்டோவியங்கள் வரைய வைத்தார்கள். முதல் படம் மேஜையில் கப். அப்புறம் கிண்ணத்தில் பழம், விரலில் மோதிரம், இப்படிப் போகும். ஒவ்வொரு மொழிக்காரரிடமும் காட்டி “இது எங்கே இருக்கிறது” என்று கேட்பார்கள். எந்தெந்தப் படங்களை ஒரே சொல்லில் அடக்குகிறார்கள் என்பது மொழிக்கு மொழி மாறுகிறது. பவர்மனும் சூன்ஜா சோயும் கொரிய மொழியில் காட்டியது இன்னும் வேடிக்கை. அங்கே இறுக்கமாகப் பொருத்துவதற்கு என்று ஒரு வினைச்சொல். உறையில் கேசட்டை நுழைப்பது இங்கிலிஷுக்கு இன், விரலில் மோதிரம் போடுவது ஆன். கொரியருக்கு இரண்டும் ஒரே வினை, ஏனென்றால் இரண்டும் கச்சிதமாக உட்காருகின்றன. எனவே ஆன், இன் என்பதை உலகப் பொதுவான அறிவு என்று நினைத்துக்கொண்டு நமக்கு வராததை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாழ்_நிலா

நல்ல இழை. எனக்கு ஒரு கேள்வி. தமிழில் நெடுந்தீவில், இலங்கையில் எண்டு ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் சொல்லுறம். இங்கிலிஷில இலங்கைக்கு இன் போடீனம், தீவு எண்டு வந்தால் ஆன் போடீனம். இலங்கையும் தீவுதானே?

சிங்கை_ஜூரோங்

இங்கேயும் அதே கதைதான் அக்கா. இன் சிங்கப்பூர், ஆனால் ஆன் ஜூரோங் ஐலண்ட். நாடு, ஊர் என்று நினைத்தால் எல்லைக்குள் அடங்கியிருக்கிறோம், இன். கடலுக்கு நடுவே ஒரு தரை, அதன் மேல் நிற்கிறோம் என்று நினைத்தால் ஆன். இடம் மாறவில்லை, பேசுகிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் மாறுகிறது. விமான நிலையத்துக்கு வந்தால் அட் சாங்கி.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்கள் டீமுக்காகச் சில வரிகள் எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் பார்த்துச் சொல்லவும்.

“ஸ்டெயின் ஆன் தி சீலிங் டைல்” – கறை மட்டும், பெயின்டர்.
“லீக் அபவ் தி ஃபால்ஸ் சீலிங்” – பைப், பிளம்பர்.
“ஹோல் இன் தி சீலிங் டைல்” – டைல் மாற்ற வேண்டும்.
“வாட்டர் ஆன் தி ஃப்ளோர் அட் தி பேன்ட்ரி டோர்” – தரை துடைக்க.
“லூஸ் கேபிள் அண்டர் தி ரெய்ஸ்டு ஃப்ளோர்” – எலக்ட்ரீஷியன்.
“லைட் நாட் வொர்க்கிங் அட் தி கார்னர் ஆஃப் தி மீட்டிங் ரூம்” – லைட்.

டீச்சரம்மா_தஞ்சை

கடைசி வரியில் மட்டும் திருத்தம். அறைக்குள் இருக்கிற மூலைக்கு இன் தி கார்னர். தெரு முக்கில் உள்ள டீக்கடைக்கு அட் தி கார்னர் அல்லது ஆன் தி கார்னர். தமிழிலும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். உள்ளே ஒடுங்குவது மூலை, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முனை, முக்கு. மனசில் மூலை வந்தால் இன், முக்கு வந்தால் அட்.

மற்றவை எல்லாம் சரி.

வண்டி_சர்வேயர்

நியர் என்ற சொல்லையே டிக்கெட்டிலிருந்து தூக்கிவிடுங்கள் என்று சொல்வேன். “நியர் லிஃப்ட்” என்றால் இரண்டடியா, இருபது அடியா? கட்டட வரைபடத்தில் தூண்களுக்கு ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணுமாகக் குறி இருக்குமே, அதைப் பயன்படுத்துங்கள். “பிட்வீன் காலம்ஸ் சி4 அண்ட் சி5” என்றால் இரவிலும் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி_மன்னன்

மூன்று தூண்களுக்கு நடுவே என்றால் அமங் வர வேண்டுமே? இரண்டுக்கு பிட்வீன், மூன்றுக்கு மேல் அமங் என்றுதானே படித்தோம்.

மொழிப்பித்தன்

அந்த விதி அரைகுறை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணி, இன்னின்னதற்கு நடுவே என்று சொன்னால் மூன்றானாலும் ஐந்தானாலும் பிட்வீன்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூட்டமாகப் பார்த்து, தனித்தனியாகப் பிரிக்காமல் சொன்னால் அமங். தென்னந்தோப்பில் வீடு என்றால் அமங் தி ட்ரீஸ். சி4, சி5, டி4 என்று பெயர் சொல்லிவிட்டால் பிட்வீன்.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

தூண் எண் யோசனை அருமை சார். எங்கள் வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் டைல் ஒட்டியபோது தூணில் இருந்த எழுத்து மறைந்துவிட்டது. ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கர் ஆன் தி காலம்தானே டீச்சர்?

டீச்சரம்மா_தஞ்சை

ஆன்தான் தம்பி. கண் மட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள், அதற்கு அட் ஐ லெவல்.

திருச்சி_கைடு

கடைசியாக என் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு பக்க நோட்டீஸ் எழுதுகிறேன். திருச்சி காவிரிக் கரையில் இருக்கிறது என்பதற்கு “திருச்சி இஸ் ஆன் தி காவேரி” என்று நண்பர் திருத்துகிறார். ஊர் ஆற்று மேல் மிதக்கிறது என்று வராதா?

டீச்சரம்மா_தஞ்சை

வராது. கரையை ஒட்டியிருந்தாலே ஆன்தான். சென்னை ஆன் தி கோஸ்ட், லண்டன் ஆன் தி தேம்ஸ், எல்லாம் ஒட்டியிருக்கிற கணக்கு. ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் வேறு மாதிரி எழுதுங்கள், அது ஆற்று நடுவே உள்ள தீவு: “ஆன் அன் ஐலண்ட் பிட்வீன் தி காவேரி அண்ட் தி கொள்ளிடம்”.